மூடிய உறைக்குள் போன விலை: ஐபிஎல் ஏலத்தின் ரகசியச் சுற்று

புதுச்சேரியில் ஏலம் என்ற சொல்லுக்கு யாரும் அகராதி பார்க்க வேண்டியதில்லை. துறைமுகத்தில் மீன் ஏலம் போகிறது. சாராயக்கடைகளை அரசாங்கமே ஏலம் விடுகிறது. தெருவுக்குத் தெரு ஏலச்சீட்டு நடக்கிறது. இதில் ஏலச்சீட்டுக்கு மட்டும் ஒரு தனிக் குணம் உண்டு. யார் அதிகம் தள்ளிக் கேட்கிறாரோ அவருக்குச் சீட்டுப் பணம். ஆனால் எவ்வளவு வேண்டுமானாலும் தள்ள முடியாது. 1982-ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டம் 30 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்தது. 2019-ல் வந்த திருத்தம் அதை 40 ஆக்கியது. சரி, இரண்டு மூன்று பேர் அந்த உச்சவரம்பையே கேட்டுவிட்டால்? பெயர்களை எழுதிப் போட்டுக் குலுக்கல்தான். தள்ளிய பணமும் எங்கும் போவதில்லை. நடத்துபவரின் கமிஷன் போக, சீட்டுக் கட்டியவர்களுக்கே திரும்பி வருகிறது.

இதே சிக்கல், அதாவது உச்சவரம்பில் இரண்டு பேர் முட்டிக்கொண்டு நிற்கும் சிக்கல், 2010-ல் கிரிக்கெட்டுக்கு வந்தது. அங்கே குலுக்கல் நடக்கவில்லை. வேறொன்று நடந்தது.

ஆட்டக்காரர்களை ஏலத்தில் எடுப்பது முதலில் ஒரு விளையாட்டுக்குள் விளையாட்டாகத்தான் பிரபலமானது. 1980-ல் அமெரிக்கப் பத்திரிகையாளர் டேனியல் ஓக்ரெண்டும் நண்பர்களும் நிஜ பேஸ்பால் வீரர்களைக் கற்பனை அணிகளுக்கு ஏலம் எடுத்து ஆடினார்கள். அவர்கள் கூடிய நியூயார்க் உணவகத்தின் பெயர் 'லா ரோட்டிஸரி ஃப்ரான்செஸ்'. (புதுச்சேரிக்காரர்களுக்கு அந்தப் பெயரை மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டாம்!) அதனால் ஆட்டத்துக்கே ரோட்டிஸரி என்று பெயர் வந்தது. ஆளுக்கு ஒரே அளவு பணம், அதற்குள் அணியை முடிக்க வேண்டும் என்பதே அடிப்படை. சீசன் நடுவில் யாரும் எடுக்காத வீரர்களை எடுக்கவும் பின்னாளில் தனியாக ஒரு சிறு தொகை ஒதுக்கும் வழக்கம் வந்தது. அந்தக் கேள்வியை மட்டும் மறைத்துக் கேட்பார்கள். அடுத்தவர் எவ்வளவு எழுதினார் என்பது முடிவு வரும்வரை தெரியாது.

2008 பிப்ரவரி 20-ஆம் தேதி மும்பையில் நடந்த முதல் ஐபிஎல் ஏலம் இதே அடிப்படையில் அமைந்தது. ஒவ்வொரு அணிக்கும் 50 லட்சம் டாலர். சச்சின், கங்குலி, டிராவிட், யுவராஜ், சேவாக் ஆகிய ஐவரும் 'ஐகான்' வீரர்கள். அவர்களுக்கு அந்தந்த அணியில் அதிக விலை போனவரைவிட 15 சதவீதம் கூடுதலாகத் தர வேண்டும். சென்னைக்கு ஐகான் கிடையாது. இது குறை என்றுதான் பலர் நினைத்தார்கள். உண்மையில் அதுவே பலம். தோனிக்கு மும்பை ஏற்றும் ஒவ்வொரு டாலருக்கும் சச்சினின் சம்பளமும் சேர்ந்து ஏறும். சென்னைக்கு அந்தத் தொல்லை இல்லை. 15 லட்சம் டாலரில் தோனி சென்னைக்கு வந்தார். ஹைதராபாத்தில் லட்சுமண் ஐகான் தகுதியே வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டதும் இந்தக் கணக்கால்தான்.

2010 ஜனவரி ஏலத்தில் ஒவ்வொரு அணியிடமும் இருந்தது ஏழரை லட்சம் டாலர் மட்டுமே. அதற்கு மூன்று மாதம் முன்பு சாம்பியன்ஸ் லீக்கில் டிரினிடாட் அணிக்காக 18 பந்தில் 54 ரன் அடித்திருந்தார் கைரன் பொல்லார்ட். அவர் பெயர் வந்ததும் சென்னை, மும்பை, பெங்களூரு, கொல்கத்தா என நான்கு அணிகளும் ஏழரை லட்சத்தில் போய் நின்றன. அதற்கு மேல் கேட்க யாரிடமும் பணம் இல்லை. இருப்பதாகக் காட்டவும் விதி இல்லை.

அப்போதுதான் ரகசியச் சுற்று. ஒவ்வொரு அணியும் ஒரு தாளில் ஒரு தொகையை எழுதிக் கொடுக்க வேண்டும். அதிகம் எழுதியவருக்கு ஆள். எழுதிய தொகை வெளியிடப்படாது. மும்பை ஜெயித்தது. அதே நாளில் நியூசிலாந்து வேகப்பந்து வீச்சாளர் ஷேன் பாண்டும் இதே முறையில் கொல்கத்தாவுக்குப் போனார்.

இதில் இரண்டு விஷயங்கள் உறுத்துகின்றன. ஒன்று, எல்லோருக்கும் ஒரே அளவு பணம் என்று ஆரம்பித்த விளையாட்டில் கடைசித் தீர்ப்பை அளவில்லாத பணம் எழுதியது. இரண்டு, அந்தக் கூடுதல் தொகையில் பொல்லார்டுக்கு ஒரு காசும் இல்லை. அவருக்கு ஏழரை லட்சம்தான். மீதி கிரிக்கெட் வாரியத்துக்கு. ஏலச்சீட்டில் இப்படிச் செய்தால் தெருவே கூடிவிடும்.

(அந்த ஆண்டு இறுதிப் போட்டியில் தாமதமாக இறங்கி 10 பந்தில் 27 அடித்த பொல்லார்டை, நடுவருக்குப் பின்னால் நேராக ஹெய்டனை நிறுத்திப் பிடித்தது தோனியின் சென்னை. தாளில் தோற்றதை மைதானத்தில் எடுத்துக்கொண்டார்கள்.)

2012 பிப்ரவரியில் சென்னையின் முறை வந்தது. ரவீந்திர ஜடேஜா 2010-ல் ஏலத்துக்கு வெளியே வேறு அணியோடு பேரம் பேசினார் என்று ஓராண்டு தடை வாங்கியவர். 2011-ல் அவர் ஆடிய கொச்சி அணி கலைக்கப்பட்டதால் மீண்டும் ஏலத்துக்கு வந்தார். அடிப்படை விலை ஒரு லட்சம் டாலர். சென்னையும் டெக்கான் சார்ஜர்ஸும் ஏற்றி ஏற்றி, அந்த ஆண்டின் மொத்த வரம்பான 20 லட்சத்திலேயே போய் முட்டின. மறுபடி தாள். சென்னை எழுதிய தொகை டெக்கானைவிட அதிகம். ஜடேஜாவுக்கு 20 லட்சம், மேலே எழுதியது வாரியத்துக்கு. சொந்தமாக விலை பேசப் போனதற்குத் தண்டனை அனுபவித்த ஒருவரின் விலை, அவருக்குச் சேராமலே போனது!

அசல் பேஸ்பாலிலும் இது நடந்திருக்கிறது. ஜப்பான் வீரர்களிடம் பேசும் உரிமைக்கே அமெரிக்க அணிகள் மறைமுகமாகக் கேள்வி அனுப்பிய காலம் அது. 2006-ல் டைசுகே மட்சுசாகாவுக்காக பாஸ்டன் எழுதிய தொகை 5,11,11,111 டாலர் 11 சென்ட். அது முழுவதும் போனது அவருடைய பழைய அணியான செய்பு லயன்ஸுக்கு. அவருடைய ஆறாண்டு ஒப்பந்தமே சுமார் 5.2 கோடி டாலர்தான். 2013-ல் இந்த முறையை மாற்றினார்கள். பழைய அணிக்குப் போகும் தொகைக்கு 2 கோடி டாலர் வரம்பு. அதைத் தரத் தயாரான எந்த அணியோடும் வீரர் பேசிக்கொள்ளலாம். முட்டி நிற்கும் இடத்தில் முடிவு வீரர் கைக்கு வந்தது.

ஐபிஎல் எதிர்த் திசையில் போனது. சிறு ஏலங்களில் வெளிநாட்டு வீரருக்கு 18 கோடி ரூபாய்க்கு மேல் கிடையாது, அதற்கு மேல் போகும் தொகை வீரர் நலனுக்காக வாரியத்துக்கு என்று விதி வந்தது. 2025 டிசம்பரில் அபுதாபியில் கேமரன் கிரீனை கொல்கத்தா 25.20 கோடிக்கு எடுத்தது. கிரீனுக்கு 18 கோடி, மீதி 7.20 கோடி வாரியத்துக்கு. இந்த முறை தொகையாவது எல்லோருக்கும் தெரிந்தது. தாளில் எழுதிக் கொடுக்கும் ரகசியச் சுற்று விதியும் இன்னும் நீக்கப்படவில்லை.