ஊசி எழுதிய வரலாறு

நெய்யாற்றங்கரைக்குக் கிழக்கே, மலையடிவாரத்தை நோக்கிச் செல்லும் வழியில் உள்ளது ஒற்றசேகரமங்கலம். அவ்வூரிலுள்ள நம் பழைய வீட்டின் தகரப் பெட்டியில் ஒரு விரிப்பு இருக்கிறது. கிழிந்த வேட்டி, நேரியல், குழந்தைச் சட்டை ஆகியவற்றின் நல்ல பகுதிகளை மட்டும் வெட்டியெடுத்து, அடுக்கி, நெருங்கிய தையலிட்டு நம் பாட்டியார் அமைத்தது அது. நம் குடும்பத்தில் மூன்று தலைமுறைக் குழந்தைகள் அதன்மேல் உறங்கின. எந்தத் துண்டு யாருடைய உடை என்று கேட்டறிய வேண்டுமென்று நமக்குத் தோன்றிய நாளில், சொல்வதற்குப் பாட்டியார் இல்லை.

துணிக்கும் கல்விக்கும் உள்ள உறவைத் தமிழர் நெடுங்காலம் முன்னரே உணர்ந்தவர்கள். பஞ்சில் பிறப்பதையும் நூல் என்றோம். புலவர் யாப்பதையும் நூல் என்றோம். நன்னூல் செய்த பவணந்தியார், சொல்லைப் பஞ்சாகவும், புலவனை நூல் நூற்கும் பெண்ணாகவும், அவன் வாயை அவள் கையாகவும், அறிவைக் கதிராகவும் உவமித்தார். புலவனுக்கு உவமையாகும் பெருமை பெண்ணின் கைத்தொழிலுக்குக் கிடைத்தது. ஆனால் அத்தொழிலைச் செய்த பெண்களின் பெயர்கள் ஏட்டில் ஏறினவா என்பதே நாம் எண்ணிப் பார்க்கவேண்டிய வினாவாகும்.

நம் தென் திருவிதாங்கூரையே எடுத்துக்கொள்வோம். 1819-ஆம் ஆண்டு லண்டன் மிஷன் சங்கத்தைச் சார்ந்த சார்லஸ் மால்ட் என்பவரும் அவர் துணைவியார் மார்த்தா மால்ட் அம்மையாரும் நாகர்கோவில் வந்தடைந்தனர். அங்கே தோன்றிய பெண்கள் பள்ளியே இன்று டதி பெண்கள் பள்ளி என வழங்குகிறது. விடுதியில் தங்கிப் பயின்ற சிறுமியர்க்கு அம்மையார் ரேந்தைப் பின்னலைக் கற்பித்தார். லேஸ் என்று நாம் சொல்வதும் இதுவே. கெட்டியாகத் திணித்த தலையணையின்மேல் துளையிட்ட வரைதாளை விரித்து, துளைதோறும் குண்டூசி குத்தி, சிறு மரக்கட்டைகளில் சுற்றிய நூல்களை ஒன்றன்மேல் ஒன்றாக மாற்றி மாற்றிப் பின்னுவர். ஒரு நூல் இடம் மாறினாலும் பூவின் வடிவம் கெட்டுவிடும். அத்துணை நுண்ணிய வேலை.

அக்காலத்தில் நம் நாட்டில் அடிமைமுறை இருந்தது. அது சட்டப்படி ஒழிந்தது 1855-ஆம் ஆண்டு ஜூன் 24-ஆம் நாள் வெளிவந்த அரச விளம்பரத்தால்தான். அதற்கு முன்னரே, ரேந்தை விற்ற பணத்தைச் சேர்த்துத் தம் விலையைத் தாமே செலுத்தி விடுதலை பெற்ற அடிமைச் சிறுமியர் உண்டு. வாள் ஏந்தி நாட்டை மீட்டவர்களைப் பாடுகிறோம். ஊசி ஏந்தித் தம்மையே மீட்டுக்கொண்ட இச்சிறுமியரும் பாடத்தக்கவர் அல்லரோ?

துணியே போராட்டமாகவும் ஆயிற்று. மார்பை மறைக்கும் உரிமை நாடார் முதலிய குலப் பெண்களுக்கு மறுக்கப்பட்டிருந்தது. மதம் மாறிய பெண்களுக்கென மிஷனரிமாரின் துணைவியர் தளர்ந்த குப்பாயம் ஒன்றை அமைத்துக் கொடுத்தனர். 1829-ஆம் ஆண்டு அரச ஆணை குப்பாயத்தை அனுமதித்தது, தோள்சீலையைத் தடுத்தது. கடைவீதிகளில் பெண்களின் மேலாடை கிழிக்கப்பட்டது. மீண்டும் கலகம் மூண்டபின், 1859-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாள் விளம்பரம், நாடார் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ளலாம், ஆயினும் உயர்குலப் பெண்டிரைப் போல் உடுத்தலாகாது என்று இடங்கொடுத்தும் கொடாமலும் கூறியது. ஒரு முழத் துணிக்காக நம் முன்னோர் பட்ட பாடு இது.

இவ்வளவும் செய்த பெண்கள் யாவர்? மால்ட் அம்மையார் பெயர் நமக்குத் தெரியும். பின்னியவர்களின் பெயர் தெரியவில்லை. விடுதிச் சிறுமியர் பலர்க்கு, அவர்களைத் தாங்கப் பணம் அனுப்பிய ஆங்கிலேயரின் பெயரையே சூட்டும் வழக்கமும் இருந்தது. விடுதலையைத் தம் கையால் ஈட்டியவர்களுக்குத் தாய் இட்ட பெயர்கூட ஏட்டில் மிஞ்சவில்லை.

இதனோடு கடல் கடந்த ஒரு வரலாற்றை ஒப்பிடலாம். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 1837-ஆம் ஆண்டு அடிமையாகப் பிறந்தவர் ஹேரியட் பவர்ஸ். விடுதலைக்குப் பின், விவிலியக் கதைகளைத் துணித் துண்டுகளால் வெட்டித் தைத்து ஒரு போர்வை செய்தார். அது 1886-இல் ஏதென்ஸ் நகரப் பருத்திக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. அதனைக் கண்ட ஜென்னி ஸ்மித் என்னும் ஓவிய ஆசிரியை விலைக்குக் கேட்டார், பவர்ஸ் மறுத்துவிட்டார். பின்னர் வறுமை வந்தது. 1891-இல் ஐந்து டாலருக்கு அதை விற்றார். பிரிய மனமின்றிப் பலமுறை திரும்பிச் சென்று அதனைப் பார்த்து வந்தார். இன்று அப்போர்வை ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் உள்ளது. பவர்ஸின் கைத்திறன் பெரிது. எனினும் அவர் பெயரும் கருத்தும் நிலைத்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. வாங்கியவர் ஒவ்வொரு படத்தின் பொருளையும் கேட்டு எழுதி வைத்தார்.

வேற்றுமை அந்த ஒரு தாளில்தான் இருக்கிறது. அரசுக் கோப்புகளோடு நாள்தோறும் பழகும் நாம் இதனை நன்கறிவோம். எழுதப்படாதது நடக்காததாகவே கொள்ளப்படும்.

பிழைப்பு நாடி ஊர்விட்டு ஊர் வந்த குடும்பங்கள் நாம். 1956 நவம்பர் 1-இல் கல்குளமும் விளவங்கோடும் தமிழகத்தோடு சேர, நெய்யாற்றங்கரை கேரளத்தில் நின்றது. எல்லைகள் அவ்வாறு மாறின. நிலமும் வீடும் கைமாறின. பெட்டிக்குள் மடங்கி நம்மோடு வந்தவை பாட்டியரின் தையல்களே. அவற்றைப் பழந்துணி என்று எறிந்துவிடாமல், வீட்டிலுள்ள மூதாட்டியரிடம் கேட்டு, தைத்தவர் யார், எந்த ஆண்டு, எவருடைய துணி என்று ஒரு தாளில் எழுதி உடன் வைத்தல் நம் ஒவ்வொருவர் கடமையுமாகும்.

சென்ற விடுமுறையில் நாமும் அவ்விரிப்பை வெயிலில் காயவைத்தோம். தெரிந்தது சிறிதே, அதை ஒரு தாளில் எழுதினோம். பாட்டியாரின் பெயரை முதல் வரியில் இட்டு, அத்தாளை விரிப்பின் ஓரத்தில் தைத்து வைத்தோம்.