விசிறி, அருகு, தொழிற்சாலை: மூன்று சட்டச்சொற்களின் வரலாறு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் முள்கரண்டிகளுக்குச் சாணைபிடித்தவர்கள் நாற்பது வயதை எட்டுவது அரிது. கத்திகளை ஈரக்கல்லில் தீட்ட முடிந்தது. முள்கரண்டிகளுக்கு உலர்ந்த கல்லே பயன்பட்டது. மணற்கல்லிலிருந்தும் எஃகிலிருந்தும் எழுந்த தூசி நேரே முகத்தில் படிந்தது. இந்த நுரையீரல் நோயை மருத்துவர் கால்வர்ட் ஹாலண்ட் 1843 இல் தம் நூலில் விரிவாகப் பதிவுசெய்தார். தீர்வும் அக்காலத்திலேயே அறியப்பட்டிருந்தது. கல்லின் அருகே ஒரு குழாயின் வாயை அமைத்து, மறுமுனையில் விசிறியைச் சுழற்றித் தூசியை வெளியேற்றுவதே அது.

எனினும் அது எளிதில் பரவவில்லை. தொழில் பாதுகாப்பானதாக மாறினால் ஆட்கள் பெருகிக் கூலி குறையும் என்று தொழிலாளரே அஞ்சியதை எங்கெல்ஸ் 1845 இல் எழுதினார். சாணையாளர் பலர் இடத்தையும் இயந்திர விசையையும் வாடகைக்குப் பெற்றவர்கள் என்பதால், விசிறியின் செலவு யாரைச் சேர்ந்தது என்ற வழக்கும் எழுந்தது.

1867 ஆம் ஆண்டுச் சட்டத்தையும், அதனை விரிவுபடுத்திய 1878 ஆம் ஆண்டுச் சட்டத்தையும் இப்பின்னணியில் காண வேண்டும். தூசி சுவாசிக்கப்படுவதை விசிறியாலோ வேறு இயந்திர முறையாலோ பெரிதும் தடுக்க இயலும் எனக் கருதினால், அதனை அமைக்குமாறு ஆணையிட ஆய்வாளருக்கு அதிகாரம் கிடைத்தது. ஆனால் சட்டம் விசிறி என்றதே தவிர, எத்தகைய விசிறி, எவ்வளவு அகலமான குழாய் என்று கூறவில்லை.

அவ்வினாவுக்கான விடையின் ஒரு பகுதி சுரங்கங்களிலிருந்து வந்தது. குழாய்வழிச் செல்லும் காற்றின் அளவு இருமடங்கானால் தேவைப்படும் அழுத்தம் நான்கு மடங்காகும் என்னும் உறவை, ஜான் அட்கின்சன் 1854 இல் சுரங்கக் காற்றோட்டம் பற்றிய கட்டுரையில் வகுத்தளித்தார். அழுத்தம் நான்கு மடங்கு, அளவு இருமடங்கு எனில் செலவாகும் திறன் எட்டு மடங்கு. குறுகிய குழாய் மலிவானது போலத் தோன்றினும், அதன் விலை நாள்தோறும் விசிறியின் வழியே செலுத்தப்படுகிறது.

அதற்காகக் குழாயை மனம்போல் அகலப்படுத்தவும் இயலாது. கல்தூசி படியாமல் நகர, காற்று நொடிக்கு ஏறத்தாழ 20 மீட்டர் வேகத்தில் செல்ல வேண்டும். நொடிக்கு 0.5 கன மீட்டர் காற்று தேவையெனில், அதற்குரிய குழாயின் விட்டம் சுமார் 18 செ.மீ. அதே காற்றுக்கு 25 செ.மீ. குழாயைப் பொருத்தினால் வேகம் பாதியாகும். தூசி குழாய்க்குள் படிந்து, நாளடைவில் வழியை அடைத்துவிடும். விசிறியின் தேர்வும் இக்கணக்கைச் சார்ந்ததே. முகப்பு, வளைவுகள், கிளைகள், வடிகட்டி ஆகியவற்றில் இழக்கப்படும் அழுத்தத்தைக் கூட்டி, அந்த அழுத்தத்திலும் தேவையான காற்றைத் தரும் விசிறியையே தேர்வது முறை. சுவரில் பதிக்கும் சாதாரண விசிறியை நீண்ட குழாயுடன் இணைத்தால் அது ஓசையெழுப்பிச் சுழலும். தூசியோ இருந்த இடத்திலேயே இருக்கும்.

குழாயின் வாய் எங்கே அமைய வேண்டும் என்பதை 1930களில் அமெரிக்காவில் டல்லாவாலே அளந்தறிந்தார். திறந்த முகப்பு தூசி எழும் இடத்திலிருந்து இருமடங்கு தொலைவுக்கு விலகினால், அதனைக் கவர்வதற்கு ஏறத்தாழ நான்கு மடங்கு காற்று தேவைப்படும். இத்தகைய அறிவைத் தொகுத்த அமெரிக்க அரசுத் தொழில்நல வல்லுநர் அமைப்பின் கையேடு 1951 இல் முதன்முதலாக வெளிவந்தது.

அதற்கு முன்பே இந்தியாவின் 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 14 ஆம் பிரிவு, வெளியேற்றும் கருவியைத் தூசி தோன்றும் இடத்துக்கு இயன்றவரை அருகில் அமைக்கவும், அவ்விடத்தை இயன்றவரை மூடவும் பணித்தது. விசிறி என்ற பெயர்ச்சொல்லின் இடத்தில் ‘அருகு’ என்ற உறவுச்சொல் வந்து சேர்ந்தது. சட்டமொழியில் இது சிறிய மாற்றமே; ஆனால் டல்லாவாலே எண்களில் கண்ட உண்மையையே அச்சொல் தாங்கி நிற்கிறது.

இருப்பினும் மூன்றாவது சொல் ஒன்று எஞ்சியிருந்தது. குஜராத்தின் கம்பாத்தில் அகேட் கற்களைத் தீட்டும் தொழில் பெரும்பாலும் வீடுகளிலும் சிறு கூடங்களிலும் நடைபெறுவது. அகமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்சார் நல நிறுவனம் அங்கே தீட்டுபவரிடம் மட்டுமன்றி, தொழிலில் ஈடுபடாத அண்டை அயலாரிடமும் சிலிக்கோசிஸ் நோயைக் கண்டது. தூசியை உறிஞ்சும் கருவியையும் வடிவமைத்தது. ஆனால் 1948 சட்டப்படி, மின்விசையுடன் இயங்கும் இடத்தில் பத்துப் பேரேனும் பணிபுரிந்தால்தான் அது பொதுவாகத் ‘தொழிற்சாலை’. 2020 ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டம் அவ்வெண்ணிக்கையை இருபதாக உயர்த்தியது.

ஷெஃபீல்டில் எழுந்த வழக்கு கம்பாத்திலும் தீரவில்லை. குழாயின் விட்டத்தைக் கணக்கிட இன்று ஒரு பொறியியல் மாணவராலும் இயலும். அக்கணக்கு யாருடைய கூடத்துக்குப் பொருந்தும் என்பதை முடிவுசெய்வது ஒரு சொல்லின் வரையறையே.