கரும்பும் மக்னோலியாவும்: ஜானகி அம்மாளின் பயிர்க்கணக்கு

கரும்பை இந்த மண்ணுக்கு யார் கொண்டுவந்தார்கள் என்பதைப் பாட்டில் எழுதிவைத்தவர் ஒரு பெண். புறநானூற்றின் 99ஆம் பாட்டில் ஔவையார், அதியமானின் முன்னோர் கரும்பை இங்கே கொண்டுவந்து சேர்த்ததைப் பெருமையாகச் சொல்கிறார். பாடியவர் பெண்தான். ஆனால் கொண்டுவந்தவர்களாகப் பெயர் பெற்றவர்கள் அரசகுலத்து ஆண்கள். கரணை ஊன்றியவர், களை எடுத்தவர், சோகை உரித்தவர் யாரும் பாட்டில் இல்லை. இன்றும் கரும்புத் தோட்டத்தில் அந்த வேலைகளைப் பெரும்பாலும் பெண்களே செய்கிறார்கள்.

பயிர்களின் வரலாறு எங்கும் இப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஒரு செடி கடல் கடந்தால் கப்பல் தலைவனின் பெயர் நிற்கும். மலையிறங்கினால் அதைச் சேகரித்த துரையின் பெயர் நிற்கும். இமயமலையின் ரோடோடென்ட்ரான்கள் இங்கிலாந்துத் தோட்டங்களுக்குப் போன கதையில் ஜோசப் ஹூக்கர் இருக்கிறார். அவருடைய மூட்டைகளைச் சுமந்தவர்கள் இல்லை. அதே இனத்தின் உறவு மரம் ஒன்று நம் நீலகிரிச் சோலைகளில் சிவப்பாகப் பூக்கிறது. காட்டுப்பூவரசு என்கிறார்கள். அதற்குப் பெயர் வைத்தது யார் என்று யாரும் கேட்பதில்லை.

இந்த வரலாற்றுக்குள் நுழைந்து வேறு வகைக் கணக்கு ஒன்றை எழுதியவர் எ.க. ஜானகி அம்மாள். 1897இல் தலச்சேரியில் பிறந்தவர். அன்று அது சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டம். தந்தை துணை நீதிபதி கிருஷ்ணன், தீயர் சமூகத்தவர். தாய் தேவி அம்மாள், ஆங்கிலேய அதிகாரி ஒருவருக்கும் தீயர் பெண் ஒருவருக்கும் பிறந்தவர். கலப்பினப் பயிர்களை ஆராய்ந்தவரின் பிறப்பிலேயே கலப்பு இருந்ததாக உவமை சொல்ல எழுதுகிறவர்களின் கை துறுதுறுக்கும். அந்த உவமை எனக்குப் பிடிக்கவில்லை. காலனிய அதிகாரிக்கும் உள்ளூர்ப் பெண்ணுக்கும் இடையிலான உறவில் அதிகாரம் யார் பக்கம் இருந்தது என்பதை அது மறைத்துவிடுகிறது.

1914இல் தொடங்கிய சென்னை ராணி மேரிக் கல்லூரியில் படித்தார். மாநிலக் கல்லூரியில் தாவரவியல் சிறப்புப் பட்டம் பெற்றார். பெண்கள் கிறித்தவக் கல்லூரியில் கற்பித்துக்கொண்டிருந்தபோது, ஆசியப் பெண்களுக்காக மிச்சிகன் பல்கலைக்கழகம் வைத்திருந்த பார்பர் உதவித்தொகை கிடைத்து அமெரிக்கா போனார். சகோதரிகள் மணம் முடித்துப் போன வீட்டிலிருந்து இவர் கப்பலேறினார். கடைசிவரை மணம் செய்துகொள்ளவில்லை. 1931இல் மிச்சிகனில் முனைவர் பட்டம். அங்கே அவர் உருவாக்கிய கத்தரிக் கலப்பினம் ஒன்றுக்கு ஜானகி கத்தரி என்றே பெயர். அதன்பின் திருவனந்தபுரத்தில் பேராசிரியர் வேலை. 1934இல் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையம்.

இங்கே சற்று நிற்க வேண்டும். ஜானகி அம்மாளைப் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகளிலும் மகளிர் தின உரைகளிலும் ஒரு வரி தவறாமல் வருகிறது: இந்தியக் கரும்பை இனிக்கவைத்தவர் அவரே என்று. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் காலக்கணக்கு ஒத்துவரவில்லை. கோவை நிலையம் தொடங்கியது 1912. அங்கே சார்லஸ் பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் இங்கு பயிரான ‘வெள்ளை’ என்ற தடித்த கரும்பைத் தாயாக வைத்து, ஆற்றங்கரையில் தானே வளரும் நாணலின் மகரந்தத்தைச் சேர்த்து, கோ 205 என்ற ரகத்தை உருவாக்கினார்கள். 1918இல் அது வயலுக்குப் போய்விட்டது. அப்போது ஜானகி அம்மாள் மாணவி. வெள்ளை இனிப்பையும் சாற்றையும் கொடுத்தது. நாணல் குளிரையும் வறட்சியையும் தாங்கும் உடம்பைக் கொடுத்தது. வடஇந்தியாவின் மிதவெப்பச் சமவெளியில், பனி விழும் பஞ்சாபில், கரும்பு நிலைத்ததற்குக் காரணம் இந்தக் காட்டுப்புல்லின் பங்கு. பட்டினத்தார் கையில் இருந்த பேய்க்கரும்பு திருவொற்றியூரில் இனித்தது என்று கதை உண்டு. கோவையில் பேய்க்கரும்பை இனிக்கவைக்க யாரும் முயலவில்லை. அதன் முரட்டுத்தனம்தான் வேண்டியிருந்தது.

அப்படியானால் ஜானகி அம்மாள் செய்தது என்ன? அந்தக் கலப்பு ஏன் நடக்கிறது, எதுவரை நடக்கும் என்பதை உயிரணுவுக்குள் பார்த்தார். நாணலின் குரோமோசோம்கள் இடத்துக்கு இடம் எண்ணிக்கையில் மாறுவதைக் கண்டார். கரும்பை அதன் தூரத்து உறவுகளோடு, வேறு பேரினப் புற்களோடு கலந்தார். கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலந்ததைப் பற்றி 1938இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். அந்தச் செடியிலிருந்து யாரும் வெல்லம் காய்ச்சவில்லை. ஆனால் இன எல்லை என்று நாம் நினைப்பது எவ்வளவு மெல்லிய கோடு என்பதை அது காட்டியது. இந்த வேலையை ‘சர்க்கரை’ என்று சுருக்கினால், அறிவியலாளரைச் சமையலறைக்கே திருப்பி அனுப்புகிறோம். ஒரு பெண்ணை உயர்த்துவதற்கு ஆண்கள் செய்ததை எடுத்து அவள் பெயரில் எழுதத் தேவையில்லை. அவள் செய்ததை விளங்கிக்கொள்ளும் பொறுமைதான் தேவை.

கோவையில் அவருக்கு இருந்த சூழல் இதமானதல்ல. தனியாக வாழும் பெண். உயர்சாதி ஆண்கள் நிறைந்த நிறுவனத்தில் தீயர் சமூகத்தவர். 1939 ஆகஸ்டில் மரபியல் மாநாட்டுக்காக எடின்பரோ போனார். போர் மூண்டது. திரும்பவில்லை. லண்டனில் ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிலையத்தில் சி.டி. டார்லிங்டனோடு குண்டுவீச்சுக் காலம் முழுவதும் வேலை செய்தார். அதன் விளைவு 1945இல் வந்த ‘பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் அட்லஸ்’.

வெளிப்பார்வைக்கு அது வெறும் எண்களின் பட்டியல். மாணவிகளுக்குச் சலிப்பூட்டும் புத்தகம். ஆனால் அந்த எண்களை ஆவணங்களாகப் படிக்கலாம். ரொட்டிக் கோதுமைக்கு 42 குரோமோசோம். 14 கொண்ட மூன்று புற்கள் வெவ்வேறு காலங்களில் ஒன்றுசேர்ந்ததன் தடயம் அது. உருளைக்கிழங்குக்கு 48, அதன் காட்டு உறவுகள் பலவற்றுக்கு 24. நாம் சாப்பிடும் வாழைகளில் பெரும்பாலானவற்றுக்கு 33. ஒற்றைப்படை எண் என்பதால் ஜோடி சேர்ந்து விதையாக முடியாது. விதையில்லாத வாழை தானாக ஊர் ஊராகப் பரவாது. எங்கெல்லாம் அது நிற்கிறதோ அங்கெல்லாம் ஒருவர் கன்றைப் பிரித்தெடுத்துக் கொண்டுபோய் நட்டிருக்க வேண்டும், தலைமுறை தலைமுறையாக. அந்த ஒருவர் யார் என்று அட்லஸ் சொல்லவில்லை. சொல்வது அதன் வேலையும் அல்ல. ஆனால் கொல்லைப்புறத்தில் வாழைக்கன்று பிரிப்பவர்களை, பரணில் விதைக் கத்தரியும் சுரைக்குடுக்கையும் காத்தவர்களை நாம் அறிவோம். புலவர் பாடாத கையின் தடம் 33 என்ற எண்ணில் இருக்கிறது என்றுதான் நான் அந்தப் பட்டியலைப் படிக்கிறேன்.

1955இல் அட்லஸ் விரிவடைந்து, ‘பூக்கும் தாவரங்களின் குரோமோசோம் அட்லஸ்’ என்று மறுபதிப்பாக வந்தது. ஆசிரியர்கள் டார்லிங்டன், ஏ.பி. வைலி. ஜானகி அம்மாளின் பெயர் இல்லை. வைலியும் ஒரு பெண்தான், நியூசிலாந்துக்காரர். ஆகவே ஆண்களின் சதி என்று இதை எளிதாக முடித்துவிட முடியாது. ஜானகி அம்மாள் அதற்குள் இந்தியா திரும்பியிருந்தார் என்பதும் உண்மை. முதல் பதிப்பில் இணையாசிரியராக இருந்தவர் பத்தே ஆண்டுகளில் அட்டையிலிருந்து போய்விட முடிந்தது என்பதும் உண்மை. பெயரின் கதை இன்னும் உண்டு. நமக்கு ‘அம்மாள்’ என்பது மரியாதைச் சொல். ஆங்கில நூற்பட்டியல்கள் பலவற்றில் அது குடும்பப் பெயராகி, ஜானகி வெறும் எழுத்தாகச் சுருங்கிவிட்டார். தேடும் மாணவிகள் இரண்டு இடத்திலும் தேட வேண்டும்.

அட்லஸ் வெளிவந்த ஆண்டில் விஸ்லியில் இருக்கும் அரச தோட்டக்கலைக் கழகம் அவரை உயிரணுவியலாளராகச் சம்பளத்துக்கு அமர்த்தியது. இந்த ஆண்டுகள் எனக்கு மிகவும் பிடித்தவை. குளிர்நாட்டுத் தோட்டச் செடிகள் அவர் மேசைக்கு வந்தன: ரோடோடென்ட்ரான், மக்னோலியா. செடியின் நுனிக் குருத்தில் கோல்சிசின் தடவினால் உயிரணு பிரியாமல் குரோமோசோம் இரட்டிக்கும் என்பது 1930களின் இறுதியில்தான் தெரியவந்திருந்தது. அந்த நஞ்சு ஐரோப்பியப் புல்வெளிப் பூ ஒன்றின் கிழங்கில் இருக்கிறது; நம் செங்காந்தளிலும் இருக்கிறது. கண்வலிக்கிழங்கு என்று பயிரிடும் விவசாயிகள் அதன் விதையை விற்பது இதற்காகத்தான். ஜானகி அம்மாள் ஜப்பானிய மக்னோலியா கோபஸ் நாற்றுகளுக்கு அதைக் கொடுத்து விஸ்லியின் பாட்டில்ஸ்டன் குன்றில் நட்டார். அவற்றில் ஒன்று அவர் பெயரையே தாங்கி, வெள்ளை இதழும் ஊதா மகரந்தத் தாளுமாகப் பூக்கிறது. ஜப்பானிய மரம், இங்கிலாந்தின் மண், மலபார்ப் பெண்ணின் பெயர்.

1951இல் நேரு அழைத்தார். இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தை மறுசீரமைக்கும் பணி. வந்தவர் கண்டது, உணவு உற்பத்தியைப் பெருக்கும் ஆர்வத்தில் காடுகள் அழிவதை. மக்னோலியா கிரிஃபிதி என்ற மரம் அந்தப் பகுதியில் ஒன்றே ஒன்று இருப்பதாக அறிந்து ஷில்லாங்கிலிருந்து 37 மைல் போய்ப் பார்த்தார். அது எரிக்கப்பட்டிருந்தது. ஆய்வகத்தின் தலைமைத் தாவரவியலாளர் பதவி அவருக்கு வரவில்லை. ஸ்பெயினில் பிறந்த பாதிரியார் சாந்தாபாவுக்குப் போனது. அலகாபாத்தின் மத்தியத் தாவரவியல் ஆய்வுக்கூடம் இவருக்கு. கியூ தோட்டத்தின் மரபில் செடியைச் சேகரித்து உலரவைப்பதே தாவரவியல் என்ற பார்வையோடு அவர் மல்லுக்கட்டினார். வெற்றி கிடைக்கவில்லை.

1955இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில், மனிதன் பூமியின் முகத்தை எப்படி மாற்றினான் என்று விவாதிக்க ஒரு பெரும் கருத்தரங்கு. அழைக்கப்பட்டவர்களில் ஒரே பெண் அவர். இந்தியாவின் பிழைப்புப் பொருளாதாரம் பற்றிப் பேசினார். பழங்குடிகளின் பயிர்முறை, குடும்பத்தின் சொத்தையும் செடிகளையும் பெண்கள் பராமரித்த தாய்வழி மரபு, ஒற்றைத் தானியப் பெருக்கத்தில் இவை அழியும் அபாயம் ஆகியவற்றை முன்வைத்தார். தலைப்பில் மனிதன் என்று ஆணை வைத்திருந்த அரங்கில் இது பேசப்பட்டது. பசுமைப் புரட்சிக்கு இன்னும் பத்து ஆண்டு இருந்தது.

1970இல் சென்னைக்கு வந்தார். சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் உயராய்வு மையத்தின் மதுரவாயல் கள ஆய்வகத்தில் மூலிகைகளோடு வாழ்ந்தார். அமைதிப் பள்ளத்தாக்கில் அணை வரும் என்றபோது எண்பதைத் தாண்டிய வயதில், மூழ்கவிருந்த காட்டு மரங்களின் குரோமோசோம்களை எண்ணும் வேலையைத் தொடங்கினார். கணக்கில் இல்லாதது அழிந்தால் அழிந்ததும் தெரியாது என்பதை ஷில்லாங் மரத்தின் சாம்பலிலேயே அவர் பார்த்திருந்தார். அணைத் திட்டம் கைவிடப்பட்டது. 1984 பிப்ரவரி 7 அன்று மதுரவாயலில் இறந்தார். அந்த ஆண்டின் நவம்பரில் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.