லயத்துக் கூரை யார் கணக்கில் ஏறியது?

கூரை மாற்ற நினைக்கிறவர் முதலில் அளவு எடுப்பார். இலங்கையின் மலையகத்தில் உள்ள கொத்மலைத் தேயிலைத் தோட்டங்களில் இன்னும் நிற்கும் பழைய லயம் ஒன்றுக்கு, அதாவது தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீட்டுக்கு, அந்த அளவை எடுத்துப் பார்க்கலாம். ஒரு குடும்பத்தின் அறையான காம்பரா 10 அடிக்கு 12 அடி, அதன் முன்னால் 6 அடி இஸ்தோப்பு என்ற வராந்தா. சரிவையும் இறவாரத்தையும் சேர்த்தால் ஒரு குடும்பத்தின் தலைக்கு மேலே ஏறக்குறைய 220 சதுர அடி வரும். ஓரத்தோடு ஓரம் ஏறிப் படிந்த பிறகு ஒரு தகரம் 2 அடி அகலத்தை மூடும் என்று கொண்டால், குறுக்கே 5 வரிசை, வரிசைக்கு 8 அடித் தகரம் 3, ஆக மொத்தம் 15 தகரம். கணக்கு சின்னதுதான். ஆனால் இந்தப் பதினைந்தையும் அந்தக் குடும்பம் தனியாக மாற்றிவிட முடியாது. கடைசி வரிசை பக்கத்துக் காம்பராவின் தகரத்துக்கு அடியில் நுழைந்திருக்கும். உச்சியில் உள்ள முகட்டுத் தகரம், முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும் பின்பக்கக் காம்பராவுக்கும் பொது. ஒருவர் புதுத் தகரம் போட்டாலும் அடுத்த வீட்டின் ஓட்டை வழியாக அவர் வீட்டுக்குள் தண்ணீர் இறங்கும். லயத்துக் கூரை ஒழுகுவதற்கு வறுமையே காரணம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். வறுமை உண்மைதான். ஆயினும் அந்தக் கூரை அதன் கீழே படுத்துறங்கியவர்களின் கணக்கில் ஒருநாளும் எழுதப்படவில்லை என்பதே அதன் வரலாற்றில் முதன்மையான செய்தி என்பது என் வாதம்.

கோப்பிக் காலத்தில் கூரை பெரிய செலவாக இருக்கவில்லை. பழம் பறிப்பு சில மாத வேலை. தென்னிந்தியாவிலிருந்து காட்டு வழியே நடந்து வந்தவர்களில் பெரும்பாலோர் பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். மண் சுவரும் மானாப்புல் கூரையும் அவர்களுக்குப் போதும் என்று தோட்ட முதலாளிகள் எண்ணினார்கள். 1869இல் இலைத்துரு நோய் தலைகாட்டி, அடுத்த இருபது ஆண்டுக்குள் கோப்பியைத் தின்று தீர்த்தது. அந்த மலைகளைத் தேயிலை மூடியபோது நிலைமை மாறியது. கொழுந்துக்குப் பருவம் கிடையாது. ஆண்டு முழுவதும் சில நாட்களுக்கு ஒருமுறை எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், அதற்குப் பெண்களின் கை வேண்டும், ஆகவே குடும்பம் குடும்பமாக ஆட்கள் மலையிலேயே தங்க வேண்டும். நிலைத்த கூரையின் தேவை இப்படித்தான் பிறந்தது. அதற்கான பொருளும் அதற்குள் உலகச் சந்தையில் இருந்தது. லண்டன் துறைமுகப் பொறியாளர் ஹென்றி பாமர் 1829இல் நெளிதகட்டுக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். பிரான்சில் ஸ்டானிஸ்லாஸ் சொரெல் 1837இல் இரும்புக்குத் துத்தநாகம் பூசும் முறையைப் பதிவு செய்தார். அடுக்கி ஏற்றினால் கப்பலில் இடம் பிடிக்காது, வேய்வதற்குத் தேர்ந்த கை வேண்டாம், எலியும் கறையானும் அரிக்காது. பிரித்தானியப் பேரரசு போன இடமெல்லாம் தகரமும் போனது. 1874இல் ரயில் பாதை நாவலப்பிட்டியை எட்டியதும், கொத்மலைப் பள்ளத்தாக்குக்குக் கிட்டிய நிலையம் ஒன்று கிடைத்துவிட்டது.

தேயிலைத் தொழிற்சாலைக்கும் அதே தகரம்தான் வேயப்பட்டது. இரண்டு கூரைகளுக்கும் நேர்ந்த கதி வேறு. தொழிற்சாலைக் கூரை ஒழுகினால் தூள் ஈரம் இழுக்கும், கொழும்பு ஏலத்தில் விலை விழும். ஆகவே அதன் பழுதுபார்ப்பு உற்பத்திச் செலவாகக் கருதப்பட்டது. லயத்துக் கூரை ஒழுகினால் நனைவது மனிதர்கள். அந்த நட்டத்தை எழுதத் தோட்டத்துக் கணக்கேட்டில் இடமில்லை. 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் லயங்களையும் அவற்றின் சுற்றுப்புறத்தையும் சுகாதாரமாக வைத்திருப்பது தோட்டத் துரையின் கடமை என்று விதித்ததற்கு இதுவே பின்னணி. அந்தச் சட்டம் நல்லதையே செய்தது. கூடவே கூரை துரையின் பொறுப்பு என்பதையும் உறுதியாக்கிவிட்டது. மறுபுறம் தொழிலாளியின் கணக்கைப் பாருங்கள். கடனைச் சீட்டில் எழுதி ஆளோடு அனுப்பும் துண்டு முறையை 1921இல் சட்டம் ஒழிக்கும்வரை, ஆள் சேர்த்த கங்காணியிடம் பட்ட கடன் தோட்டம் விட்டுத் தோட்டம் தொழிலாளியைத் தொடர்ந்தது. செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் அரிசிக்குக் கழித்தார்கள், முற்பணத்துக்குக் கழித்தார்கள். கூரைக்கென்று ஒரு பத்தி அதில் இருந்ததில்லை. இலவச வீடு என்ற சொல்லின் மறுபக்கம் இதுதான்: வாடகை கேட்கப்படாத வீட்டில், கூரையைப் பற்றிக் கேட்கும் உரிமையும் இல்லாமல் போயிற்று.

1948இன் குடியுரிமைச் சட்டம் இந்த மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. அதன் பிறகு இருபது ஆண்டுகள், 1984இல் தலைமன்னார்க் கப்பல் நிற்கும்வரை, எத்தனையோ குடும்பங்கள் பாஸ்போட்டுக்காகக் காத்திருந்தன. எந்தக் கிழமை பயணம் என்று தெரியாதவர் தகரம் வாங்குவாரா? முதலாளிகளும் அதே காலத்தில் கையைச் சுருக்கினார்கள். அரசுடைமை வரப்போகிறது என்று அறிந்த கம்பெனிகள் முதலீட்டைக் குறைத்துக்கொண்டன. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தம் வந்தது. தோட்டங்கள் ஜனவசம என்ற அரச தோட்டச் சபையிடமும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்திடமும் போயின. 1992இல் முகாமைத்துவம் மறுபடியும் தனியார் கைக்கு மாறியது. இப்போது நிலம் அரசுக்கு, நிருவாகம் 53 ஆண்டுக் குத்தகையில் கம்பெனிக்கு, வாழ்வது தொழிலாளி. போதாக்குறைக்கு, 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்து 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைப் பணத்தைச் செலவிட முடியாத நிலையை ஏற்படுத்தி, 2018இல் திருத்தப்படும்வரை நீடித்தது. கொத்மலையில் வாக்குப் போட்ட தொழிலாளியின் லயத்துப் பாதையில் கொத்மலைப் பிரதேச சபை ஒரு வண்டி கல் கொட்டவும் சட்டம் இடைஞ்சலாக நின்றது.

உரிமைப் பெயரின் பலம் என்ன என்பதற்கு இதே பள்ளத்தாக்கில் ஒரு சான்று உண்டு. சுவீடனின் உதவியோடு 1979இல் தொடங்கி 1985இல் முடிந்த கொத்மலை அணைக்காகப் பழைய கிராமங்கள் நீருக்குள் போயின. கடதொர விகாரையின் எச்சம் வறட்சியில் இன்றும் வெளியே தெரிகிறது. இடம்பெயர்ந்த கிராமத்தவரின் இழப்பு பெரியது, அதை யாரும் குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் அவர்களின் வீட்டுக்கும் காணிக்கும் சொந்தக்காரர் பெயர் இருந்தது. ஆகவே மதிப்பிட முடிந்தது, நட்டஈடு எழுத முடிந்தது. சிலருக்கு மகாவலி வலயங்களில் காணி கிடைத்தது, சிலருக்குக் கொத்மலையிலேயே தேயிலைக் காணி பிரித்துக் கொடுக்கப்பட்டது. அந்தத் தேயிலையை வளர்த்தவர் நாலு தலைமுறை குடியிருந்த காம்பராவுக்கு, பட்டியலில் எழுத ஒரு பெயர் இல்லை.

என் வாதத்துக்கு மறுப்புகள் உண்டு. வீடு சம்பளத்துக்கு மேலான சலுகை, அதையும் சேர்த்தே சம்பளத்தைப் பார்க்க வேண்டும் என்று கம்பெனித் தரப்பு சொல்லி வந்திருக்கிறது. அதை ஏற்றுக்கொள்வோம். வீடு சம்பளத்தின் ஒரு பகுதி என்றால், ஒழுகும் கூரை குறைத்துக் கொடுத்த சம்பளம் ஆகிறது. 2021இல் நாள் சம்பளம் 1,000 ரூபாய் ஆனது. 2024இல்தான் அது 1,350க்கு ஏறியது. இடையில், 2022 மார்ச்சுக்கும் மேக்கும் நடுவே, டொலர் ஒன்றின் விலை 200 ரூபாயிலிருந்து 360 வரை பாய்ந்தது. தகரத்துக்கான இரும்பு இறக்குமதிச் சரக்கு. பதினைந்து தகரத்தின் விலை எந்தப் பக்கம் ஓடியிருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது மறுப்பு தொழிலாளர் மீதே விழுகிறது: கோயில் கட்டுகிறார்கள், திருவிழா நடத்துகிறார்கள், கூரைக்கு மட்டும் பணம் இல்லையா? இந்தக் கேள்வி கேட்பவர் அறியாமலே என் பக்கம் பேசுகிறார். சங்கச் சந்தாவும் தீபாவளி முற்பணமும் சம்பளத்தில் கழிகின்றன, சீட்டு மாதாமாதம் நடக்கிறது, கோயிலுக்குப் பணம் சேர்கிறது. ஆகவே கூடிச் சேமிக்கும் பழக்கம் லயத்தில் குறைவில்லை. கோயில் தங்களுடையது என்று நம்பினார்கள், கொடுத்தார்கள். லயத்தில் ஒரு குசினியை நீட்டிக் கட்டுவதற்கே நிருவாகத்தின் அனுமதி வேண்டும். உறுதிப் பத்திரம் இல்லாத வீட்டை வைத்து வங்கியில் கடன் எடுக்கவும் முடியாது. இவ்வளவுக்குப் பிறகும் தகரத்தின் மேல் கல்லையும் மணல் மூட்டையையும் ஏற்றி, ஓட்டைக்குத் தார் பூசி, படங்கு விரித்துக் காலம் தள்ளியவர்களைப் பொறுப்பற்றவர்கள் என்று சொல்வது அநியாயம்.

மூன்றாவது மறுப்பே வலுவானது. லயம் இடிக்கப்பட வேண்டிய ஒன்று, அதற்குப் புதுக் கூரை போடுவது அடிமைக் காலத்துக்கு ஆயுள் நீட்டிப்பது போன்றது என்கிறார்கள். 1990களிலிருந்து பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியமும் அதற்கு முந்திய அமைப்பும் நடத்திய கூரை மாற்றும் திட்டங்களை இந்தக் கண்ணோடு விமர்சித்தவர்கள் பலர். மண்சரிவு ஆபத்துள்ள லயத்துக்குப் புதுத் தகரம் தீர்வாகாது என்பதை 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்து மண்சரிவு காட்டியது. நானும் இதில் பெரும்பங்கை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புது வீடு வரும் வேகத்தையும் பார்க்க வேண்டும். ஏழு பேர்ச் காணியில் 550 சதுர அடி வீடு என்ற இந்திய வீடமைப்புத் திட்டத்தில் முதலில் வந்தவை 4,000 வீடுகள். 2017 மேயில் நோர்வூட்டில் மேலும் 10,000 அறிவிக்கப்பட்டன. அவற்றில் முதல் பகுதிக்கு அடிக்கல் விழவே ஏழு ஆண்டு ஆயிற்று. அந்த ஏழு ஆண்டின் தென்மேற்குப் பருவமழை முழுவதும் பழைய தகரத்தின் மேல்தான் பெய்தது.

எதைக் கொண்டு மூடுவது என்ற தெரிவும் லயத்து மக்களின் கையில் இருந்ததில்லை. தகரத்துக்குப் பிறகு வந்த அஸ்பெஸ்டாஸ் சத்தத்தையும் குளிரையும் சற்றுக் குறைத்தது, அதன் தூள் நுரையீரலுக்குக் கேடு. 2018 ஜனவரி முதல் அதன் இறக்குமதியைக் கட்டுப்படுத்த இலங்கை முடிவு செய்திருந்தது. 2017 டிசம்பரில் ரஷ்யா, தேயிலைப் பொதியொன்றில் வண்டு கண்டதாகக் கூறி இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. ரஷ்யா அஸ்பெஸ்டாஸ் ஏற்றுமதியில் முன்னணி நாடு. சில நாட்களில் இலங்கை அந்தக் கட்டுப்பாட்டைத் தள்ளிவைத்தது, தேயிலை மறுபடியும் போனது. கொழுந்தை விற்க வேண்டி, கொழுந்தெடுப்பவரின் தலைக்கு மேல் என்ன இருக்கலாம் என்ற கேள்வி கைவிடப்பட்டது.

ஆகவே கூரையும் உறுதியும் ஒன்றாக வர வேண்டும். தனி வீட்டுக்குப் போன குடும்பங்கள் சுவருக்குப் பூச்சும் முற்றத்துக்குச் சீமெந்தும் தாங்களே போட்டுக்கொள்வதை மலையகம் எங்கும் காணலாம். அவர்களிலும் பலருக்கு உறுதி இன்னும் கைக்கு வரவில்லை. 1992இல் தொடங்கிய குத்தகை 2045இல் முடிகிறது. இன்றைக்குக் கொத்மலை லயமொன்றில் ஏற்றும் நல்ல தகரம் அன்றைக்கும் அங்கே கிடக்கும், கம்பெனி திருப்பிக் கொடுக்கும் சொத்துப் பட்டியலில் அதுவும் ஒரு வரியாக ஏறும்.