பதினோராவது அணி: பிக் டென் கூட்டமைப்பின் விரிவாக்க வரலாறு

1989 டிசம்பரில் அமெரிக்காவின் பிக் டென் கூட்டமைப்பைச் சேர்ந்த பத்துப் பல்கலைக்கழகங்களின் தலைவர்கள் கூடிப் பேசி, பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தை (பென் ஸ்டேட்) பதினோராவது உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளக் கொள்கையளவில் இசைந்தார்கள். அந்தப் பல்கலைக்கழகங்களின் விளையாட்டு இயக்குநர்களிலும் பயிற்சியாளர்களிலும் பெரும்பாலோருக்குச் சேதி பிறகுதான் எட்டியது. ஆட்ட அட்டவணை போடுகிறவர்களையும் பேருந்தில் அணியை ஏற்றிச் செல்கிறவர்களையும் கேட்காமலே முடிவு நடந்துவிட்டது. அடுத்த ஆறு மாதம் சச்சரவிலேயே கழிந்தது.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் கான்ஃபரன்ஸ் என்பது, பல்கலைக்கழகங்கள் தங்களுக்குள் அமைத்துக்கொள்ளும் கூட்டமைப்பு. யார் யாரோடு எப்போது ஆடுவது, எந்த மாணவர் ஆடத் தகுதியுள்ளவர், ஒளிபரப்பில் வரும் பணத்தை எப்படிப் பங்கிடுவது என்பதெல்லாம் அதன் பொறுப்பு. இன்னோர் அணியைச் சேர்க்கலாமா என்ற கேள்வி இத்தகைய அமைப்புகளில் ஓயாமல் எழுவது. முதல்நிலைப் பிரிவில் இன்றுள்ளவற்றுள் பிக் டென் மிகப் பழையது என்பதால், அந்தக் கேள்விக்கான விடை காலந்தோறும் எதை வைத்து அளக்கப்பட்டது, அளவுகோல் யார் கையில் இருந்தது என்பதை அதன் வரலாற்றில் தெளிவாகப் பின்தொடர முடிகிறது. 2022-இல் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகங்கள் இரண்டு சேர ஒப்புக்கொண்டதையே பலரும் பெரிய திருப்பமாகச் சொல்கிறார்கள். எனக்கு 1989-தான் திருப்பமாகப் படுகிறது.

ஆசிரியர்களின் கையில்

1895 ஜனவரியில் பர்டூ பல்கலைக்கழகத் தலைவர் ஜேம்ஸ் ஸ்மார்ட்டின் அழைப்பில் சிகாகோவின் பால்மர் ஹவுஸ் விடுதியில் ஒரு கூட்டம் நடந்தது. மாணவர்களும் பழைய மாணவர்களும் கூலிக்கு ஆள் பிடித்து ஆடவைத்துக்கொண்டிருந்த காலம் அது. அதற்குக் கடிவாளம் போடுவதே நோக்கம். மறு ஆண்டு பிப்ரவரி 8 அன்று, அதே விடுதியில் சிகாகோ, இல்லினாய், மிச்சிகன், மினசோட்டா, நார்த்வெஸ்டர்ன், பர்டூ, விஸ்கான்சின் ஆகிய ஏழு பல்கலைக்கழகங்களின் ஆசிரியப் பிரதிநிதிகள் அமைப்பை நிறுவினார்கள். அதன் முறையான பெயரிலேயே ஆசிரியப் பிரதிநிதிகள் என்ற சொல் இருந்தது. அங்கே வாக்குரிமை பேராசிரியர்களுடையது. 1899-இல் இண்டியானாவும் அயோவாவும் சேர்ந்தன.

அந்தப் பேராசிரியர்கள் சும்மா ஒப்புக்கு உட்கார்ந்தவர்கள் அல்லர். 1905 பருவத்தில் நாடெங்கும் அமெரிக்கக் கால்பந்து ஆடுகளங்களில் இளைஞர்கள் பலர் உயிரிழந்த பின், 1906-இல் கடுமையான விதிகள் வந்தன. பருவத்துக்கு ஐந்தே ஆட்டம், ஒரு மாணவருக்கு மூன்றே ஆண்டு, மாணவர் நுழைவுச்சீட்டு 50 சென்ட்டுக்கு மேல் போகக் கூடாது. வெற்றிமேல் வெற்றி குவித்துக்கொண்டிருந்த மிச்சிகனின் பயிற்சியாளர் ஃபீல்டிங் யோஸ்ட்டுக்கு இது பிடிக்கவில்லை. மிச்சிகன் 1908-இல் வெளியேறியது. மற்றவர்கள் விதியைத் தளர்த்தி அதைத் தடுத்து நிறுத்த முனையவில்லை என்பது கவனிக்கத்தக்கது. இன்று அந்தத் தரத்தில் உள்ள ஓர் அணி போவதாகச் சொன்னாலே எத்தனை தலைகள் உருளும் என்று எண்ணிப் பார்க்கலாம். 1912-இல் ஒஹாயோ ஸ்டேட் சேர்க்கப்பட்டது. 1917-இல் மிச்சிகன் திரும்பி வந்ததும் எண்ணிக்கை பத்தாகி, பிக் டென் என்ற பெயர் நாளேடுகளில் வேரூன்றியது.

அந்தக் காலத்தில் கதவைத் தட்டியும் திறக்கப்படாத ஒருவர் உண்டு: இண்டியானா மாநிலத்திலேயே இருந்த நோட்ர டாம். யோஸ்ட்டின் பகையும், கத்தோலிக்க நிறுவனங்கள் மீது அன்றிருந்த ஒவ்வாமையும் அதற்குக் குறுக்கே நின்றன. நோட்ர டாம் வேறு வழியின்றிக் கரையிலிருந்து கரைவரை பயணம் செய்து ஆடியது. அப்படி ஆடியே நாடறிந்த அணியாயிற்று.

சிகாகோ போனதும் மிச்சிகன் ஸ்டேட் வந்ததும்

நிறுவன உறுப்பினரான சிகாகோ தானாகவே விலகியது விந்தையான கதை. ஆமோஸ் அலோன்சோ ஸ்டாக் நாற்பது ஆண்டுகள் பயிற்சி கொடுத்த அணி அது. அதன் வீரர் ஜே பெர்வாங்கர்தான் ஹெய்ஸ்மன் விருது என்று இன்று அழைக்கப்படும் பரிசை 1935-இல் முதன்முதலாகப் பெற்றவர். ஆனால் 1939-இல் அதே அணி மிச்சிகனிடம் 85-0 என்று தோற்றது. ஒஹாயோ ஸ்டேட்டிடம் 61-0. அந்த ஆண்டு இறுதியில் பல்கலைக்கழகத் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ் கால்பந்தையே ஒழித்தார். ஆட்டம் நின்றுபோன ஸ்டாக் மைதானத்தின் பார்வையாளர் படிக்கட்டுகளுக்கு அடியில்தான் 1942 டிசம்பரில் உலகின் முதல் அணு உலை இயங்கியது. இயற்பியலர் சந்திரசேகரும் பின்னாளில் ஏ.கே. ராமானுஜனும் பணியாற்றிய பல்கலைக்கழகம் இதுதான் என்பதால் தமிழ் வாசகர்களுக்கு இதன் கல்விப் பெருமையை விளக்க வேண்டியதில்லை. 1946-இல் சிகாகோ கூட்டமைப்பைவிட்டு முறைப்படி விலகியது.

காலியிடத்துக்கு யார்? பிட்ஸ்பர்கின் பெயர் பலமாக அடிபட்டது. வென்றது மிச்சிகன் ஸ்டேட். வேளாண் கல்லூரியாகத் தொடங்கிய அதை ஆராய்ச்சிப் பல்கலைக்கழகமாக உயர்த்திவிடத் துடித்த ஜான் ஹன்னா அதன் தலைவர். பிக் டென் உறுப்புரிமை அவருக்கு ஆடுகளத்தோடு நிற்கிற விஷயமாக இருக்கவில்லை. பெரிய பல்கலைக்கழகங்களோடு சரிசமமாக உட்கார அதுவே குறுக்குவழி. ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தள்ளியிருந்த மிச்சிகன் பல்கலைக்கழகம் விரும்பவில்லை. அதே மாநிலத்தில் இன்னொரு போட்டியாளரை யார் விரும்புவார்கள்? வீரர்களுக்கு அந்தக் கல்லூரி வழங்கிவந்த உதவித்தொகையும் நெருடலானது. அதைக் கைவிட வைத்த பிறகே 1949-இல் அனுமதி கிடைத்தது. கூட்டமைப்பில் கால்பந்து ஆடிய முதல் பருவமான 1953-இலேயே மிச்சிகன் ஸ்டேட் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டு, 1954 ரோஸ் பவுல் ஆட்டத்தில் கலிஃபோர்னியாவின் யூசிஎல்ஏவை 28-20 என்று வென்றது. அதன்பின் நாற்பதாண்டுக் காலம் பட்டியலில் மாற்றமில்லை.

தீர்ப்புக்குப் பின்

மாற்றத்துக்கு வித்திட்டது நீதிமன்றம். கல்லூரிக் கால்பந்தை எந்தத் தொலைக்காட்சி, எத்தனை முறை காட்டலாம் என்று தீர்மானிக்கும் உரிமையைத் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்சிஏஏ தன்னிடமே வைத்திருந்தது. ஒக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் வழக்குத் தொடுத்தன. 1984 ஜூன் 27 அன்று, இது போட்டிச் சட்டத்துக்கு முரண் என்று உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு எனத் தீர்ப்பளித்தது. மறுப்புத் தீர்ப்பு எழுதிய நீதிபதி பைரன் ஒயிட், தம் இளமையில் கொலராடோவுக்காகக் கால்பந்து ஆடி நட்சத்திரமானவர். பணவேட்டை கல்வியை விழுங்கும் என்பது அவர் கவலை. தீர்ப்புக்குப் பின் ஒளிபரப்பு உரிமையை விற்கும் வேலை மெல்ல மெல்லக் கூட்டமைப்புகளிடம் வந்து சேர்ந்தது. தனித்து நின்ற அணிகளுக்குக் கூரை தேவைப்பட்டது.

பென் ஸ்டேட் கால்பந்தில் அப்படித் தனித்து நின்றது. இல்லினாய் பல்கலைக்கழகத் தலைவராக இருந்த ஸ்டான்லி ஐகன்பெரி அதற்கு முன் பென் ஸ்டேட்டில் நிர்வாகப் பொறுப்பு வகித்தவர். ஆகவே பேச்சு எளிதாகத் தொடங்கியது. தலைவர்கள் சொன்ன காரணங்கள் கல்வி சார்ந்தவை. பிக் டென் பல்கலைக்கழகங்களும் சிகாகோவும் 1958-இலிருந்து நடத்திவந்த கல்விக் கூட்டுறவு அமைப்பு ஒன்று இருந்தது. ஆராய்ச்சியில் வலுவான, பெரிய அரசுப் பல்கலைக்கழகம் என்ற வகையில் பென் ஸ்டேட் அதில் கச்சிதமாகப் பொருந்தியது. பயிற்சியாளர்களின் மறுப்போ மண்ணில் கால்பதித்தது: மலைத்தொடர்களுக்கு நடுவே பெரிய விமான நிலையம் இல்லாத ஊர், பதினோரு அணிகளுக்கு அட்டவணை போட்டால் ஒற்றைப்படைத் தகராறு. 1990 ஜூனில் நடந்த வாக்கெடுப்பு ஏழுக்கு மூன்று என்று அப்போதைய செய்திகள் கூறின. பெயரை மாற்ற மனம் வரவில்லை. புதிய சின்னத்தில் டி என்ற எழுத்தின் இருபுறமும் 11 என்ற எண் தெரியும்படி வெற்றிடத்தை வரைந்து சமாளித்தார்கள்.

பென் ஸ்டேட்டைச் சேர்த்தது தவறு என்று நான் கருதவில்லை. அது பொருந்தி வளர்ந்தது. ஆனால் எதிர்ப்பவர்களைக் கேட்காமல், தலைவர்கள் மட்டும் மூடிய அறையில் விரைந்து முடிக்கலாம் என்ற நடைமுறை அன்றுதான் நிலைபெற்றது. கல்விக்காகத் திறந்த அந்த வழியில் பிறகு வேறு சரக்குகளும் போக ஆரம்பித்தன.

நடுவில் ஒரு கிளைக்கதை. 1999-இல் பிக் டென் நோட்ர டாமை நாடிப் போனது. அங்கே ஆசிரியர் மன்றம் சேர்வதற்கு ஆதரவாக 25-4 என்று வாக்களித்தது. ஆராய்ச்சிக் கூட்டுறவு அவர்களுக்குப் பெரிய கவர்ச்சி. அறங்காவலர்கள் லண்டனில் கூடி மறுத்தார்கள். 1991 முதல் என்பிசி தொலைக்காட்சியோடு சொந்த ஒப்பந்தம் வைத்திருந்த பல்கலைக்கழகத்துக்குத் தனிமையே மூலதனமாகிவிட்டது. எழுபது, எண்பது ஆண்டுகளுக்கு முன் கதவைச் சாத்தியவர்களே அந்த மூலதனத்தை உருவாக்கிக் கொடுத்தவர்கள்.

வீடுகளை எண்ணுதல்

பன்னிரண்டு அணிகள் இருந்து இரு பிரிவாக ஆடினால் கூடுதலாக ஓர் இறுதிப் போட்டி நடத்தலாம் என்று என்சிஏஏ விதி ஒன்று இருந்தது. பென்சில்வேனியாவின் சிறு கல்லூரிகளுக்காக எழுதப்பட்ட விதி அது. தென்கிழக்குக் கூட்டமைப்பின் ஆணையர் ராய் கிரேமர் அதைக் கண்டெடுத்து 1992-இல் பயன்படுத்தினார். பன்னிரண்டு என்பது அதன்பின் எல்லோருக்கும் இலக்கானது.

பிக் டென் இன்னொரு படி போனது. 2007 ஆகஸ்ட் இறுதியில் ஃபாக்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து சொந்தச் சேனல் தொடங்கியது. சில நாளில், செப்டம்பர் 1 அன்று, கீழ்நிலைப் பிரிவைச் சேர்ந்த அப்பலாச்சியன் ஸ்டேட் மிச்சிகனை அதன் சொந்த ஊரிலேயே 34-32 என்று வீழ்த்தியது. கடைசி நொடிகளில் மிச்சிகனின் ஃபீல்டு கோல் முயற்சி தடுக்கப்பட்ட காட்சியைப் பலரால் பார்க்க முடியவில்லை. பெரிய கேபிள் நிறுவனங்கள் அந்தச் சேனலை அப்போது எடுத்திருக்கவில்லை. அந்த ஆட்டத்துக்குப் பின் சேனலைப் பற்றி யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கூட்டமைப்பின் மாநிலங்களுக்குள் வீட்டுக்கு மாதம் ஒரு டாலர் அளவிலும், வெளியே அதில் மிகச் சிறு பங்கும் சந்தா வந்தது. ஆட்டம் பார்க்கிறவர், பார்க்காதவர் எல்லாரும் கட்டியாக வேண்டும். புதிய மாநிலம் ஒன்றைச் சேர்த்தாலே வருவாய் பெருகும் என்பது இதன் கணக்கு.

2011-இல் நெப்ராஸ்கா வந்து பன்னிரண்டானது. அது மக்கள்தொகை குறைந்த மாநிலம். அழைத்தது கால்பந்துப் புகழுக்காக. ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்களின் சங்கமான ஏஏயுவில் அது உறுப்பினர் என்பதும் அப்போது பெரிதாகப் பேசப்பட்டது. சேர்வதற்குச் சில மாதம் முன்பே அந்தச் சங்கம் நெப்ராஸ்காவை வாக்களித்து வெளியேற்றியது. பிக் டென் கண்டுகொள்ளவில்லை. கல்வித் தகுதி எவ்வளவு இளகிவிட்டது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

2012 நவம்பரில் மேரிலாந்தும் ரட்கர்ஸும் அடுத்தடுத்த நாள்களில் அறிவிக்கப்பட்டன. 1869-இல் நாட்டின் முதல் கல்லூரிக் கால்பந்தாட்டத்தை ஆடியது ரட்கர்ஸ். அதன்பின் சொல்லிக்கொள்ளும்படி வெற்றிகள் அதிகமில்லை. அதன் மதிப்பு நியூயார்க்கை ஒட்டிய நியூ ஜெர்சியின் கேபிள் வீடுகளில் இருந்தது. மேரிலாந்து கடன் சுமையால் அதே ஆண்டு ஏழு விளையாட்டு அணிகளைக் கலைத்திருந்தது. பழைய கூட்டமைப்புக்கு 3.1 கோடி டாலர் விட்டுக்கொடுத்து வெளியேறியது. பத்தாண்டு ஆவதற்குள் மக்கள் கேபிளைத் துண்டிக்கத் தொடங்கினார்கள். வீட்டுக் கணக்கு செல்லாக்காசானது. ஆனால் ரட்கர்ஸ் உறுப்பினர்தான், என்றென்றைக்கும். ஒரு தொழில்நுட்பத்தின் ஆயுளை நம்பி நிரந்தர உறுப்புரிமை கொடுப்பது சரியா என்று அன்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

பசிபிக் கரைவரை

2021 ஜூலையில் டெக்சஸும் ஒக்லஹோமாவும் தென்கிழக்குக் கூட்டமைப்புக்குத் தாவுவது உறுதியானது. பதிலுக்கு ஆகஸ்ட்டில் பிக் டென், பசிபிக் கரையின் பேக்-12, அட்லாண்டிக் கரையின் ஏசிசி ஆகிய மூன்று கூட்டமைப்புகளும் கைகோத்து ஒரு நட்பணியை அறிவித்தன. எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் இல்லை. பரஸ்பர நம்பிக்கை போதும் என்றார்கள். பத்து மாதம் கழித்து, 2022 ஜூன் 30 அன்று, பிக் டென் அந்த நட்பணியின் பேக்-12-இலிருந்தே யூஎஸ்சி, யூசிஎல்ஏ என்ற கலிஃபோர்னியப் பல்கலைக்கழகங்கள் இரண்டையும் எடுத்துக்கொண்டது. ஆகஸ்ட்டில் ஏழாண்டு ஒளிபரப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது. தொகை 700 கோடி டாலருக்கு மேல் என்று செய்திகள் வந்தன. 2023 ஆகஸ்ட் 4 அன்று ஆரிகனும் வாஷிங்டனும் மற்றவர்களைவிடக் குறைந்த பங்கை ஏற்று வரச் சம்மதித்தன. 1915 வரை வேர் நீளும் பசிபிக் கூட்டமைப்பில் கடைசியில் மிஞ்சியவை ஆரிகன் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டும். யூசிஎல்ஏ போனதால் அதே பேக்-12-இல் இருந்த பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கு ஏற்பட்ட நட்டத்துக்காக, இரண்டுக்கும் பொதுவான ஆட்சிமன்றம் யூசிஎல்ஏவை ஆண்டுக்கு ஒரு கோடி டாலர் கொடுக்கச் சொன்னது.

நியூ ஜெர்சிக்கும் சியாட்டிலுக்கும் இடையே கிட்டத்தட்ட 3,900 கிலோமீட்டர். கால்பந்து அணி வாரம் ஒருமுறை, பெரும்பாலும் சனிக்கிழமை, தனி விமானத்தில் போய்வந்துவிடும். வாலிபால், சாஃப்ட்பால் பெண்கள் அணிகளுக்கு ஆட்டங்கள் அதிகம், வார நாள்களிலும் வரும், வகுப்பும் தேர்வும் குறுக்கிடும். சேர்ப்பதால் வரும் பணம் பெரும்பாலும் கால்பந்து ஈட்டுவது. சேர்ப்பதால் வரும் அலைச்சலில் பெரும்பங்கு மற்றவர்களுடையது. விரிவாக்கத்தை ஆதரிப்பவர்கள் அந்தப் பணத்தில்தான் மற்ற விளையாட்டுகள் உயிர்வாழ்கின்றன என்பார்கள். மேரிலாந்தின் ஏழு அணிகள் அந்த வாதத்துக்குச் சாட்சி. அதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் எல்லா விளையாட்டையும் ஒரே கட்டாகக் கட்டித்தான் சேர்க்க வேண்டும் என்பது அதிலிருந்து பெறப்படுவதில்லை.

பிக் டென்னே இதற்கு முன்மாதிரி காட்டியிருக்கிறது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தை லக்ரோஸுக்கு மட்டும் 2014-இல் சேர்த்துக்கொண்டது. 2017-இல் நோட்ர டாம் ஆண்கள் ஐஸ் ஹாக்கிக்கு மட்டும் உள்ளே வந்தது. கால்பந்தில் அது இன்றும் தனிதான். பத்தொன்பதாவது அணியைப் பற்றிப் பேச்சு எழும்போது இதே ஏற்பாட்டைத் திருப்பிப்போட்டுக் கால்பந்துக்கு மட்டும் சேர்க்கலாம். ஒளிபரப்பு வருவாயில் பெரிய துண்டு விழாது. சாஃப்ட்பால் அணி பழையபடி பேருந்தில் எட்டும் தொலைவிலேயே ஆடிக்கொள்ளும்.