திருமஞ்சனத்தில் தெரியும் உடல்: சோழர் செப்புத் திருமேனிகளைக் காணும் முறை பற்றி

திருவாலங்காட்டு நடராசரின் நிழற்படங்களைப் பார்த்து 1913-இல் பிரெஞ்சுச் சிற்பி ரோடின் எழுதிய குறிப்பு உடலழகில் திளைத்தது. சோழர் செப்புத் திருமேனிகள் பற்றிய கலைவரலாறும் பெரும்பாலும் அந்தத் தடத்திலேயே நடந்தது. இதற்கு ஒரு மறுப்பு உண்டு. இவை உலாத் திருமேனிகள். பட்டும் நகையும் மாலையும் சாத்தித்தான் வீதிக்கு வந்தன. நாம் வியக்கும் தோளும் இடையும் அடியார் கண்ணில் பட்டதே இல்லை என்பது அதன் வாதம்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் இம்மறுப்புக்கு வலுச் சேர்க்கின்றன. முதலாம் இராசராசன், அவன் தமக்கை குந்தவை, தேவியர், அதிகாரிகள் எழுந்தருளுவித்த அறுபதுக்கும் மேற்பட்ட திருமேனிகள் அங்கே பட்டியலிடப்பட்டுள்ளன. கோயில் முழக்கோலால் உயரத்தை அளந்து, திருக்கைகளை எண்ணி, கனமாக வார்த்ததா பொள்ளலா என்று குறித்ததோடு திருமேனி பற்றிய பதிவு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. நகைக்கு வந்தால் எழுத்து நீள்கிறது. பொன்னை ஆடவல்லான் என்னும் கல்லாலும் மணிகளைத் தட்சிணமேருவிடங்கன் என்னும் கல்லாலும் நிறுத்திருக்கிறார்கள். முத்துகளை வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து என வகை பிரித்து எண்ணியிருக்கிறார்கள். முகப்பொலிவு பற்றி ஒரு சொல்லும் இல்லை. கணக்கர் ஓலையில் அழகைத் தேடுவது நம் பேராசை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆயினும் மறுப்பாளர் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். உற்சவருக்குத் திருமஞ்சனம் உண்டு. அலங்காரத்தைக் களைந்து எண்ணெயும் பாலும் தயிரும் சந்தனமும் ஆட்டும்போது, சிற்பி வார்த்த உடலே அடியார் முன் நிற்கிறது. 1011-இல் எழுந்தருளுவித்ததாகக் கல்வெட்டு உறுதிசெய்யும் திருவெண்காட்டு இடபவாகனரை இன்று தஞ்சைக் கலைக்கூடத்தில் காணலாம். சாய்ந்து நிற்க உதவிய இடபம் காணாமற்போயிற்று. தலைப்பாகைபோல் சுற்றிய சடையும் அதில் நெளியும் பாம்பும் எஞ்சியிருக்கின்றன. முன்புறத்துக்குக் காட்டிய அக்கறையைச் சிற்பி பின்புறத்துக்கும் காட்டியிருக்கிறார். எவரும் பாராத இடத்தையும் குறைவின்றி முடிப்பது சிற்ப மரபு என்று இதற்கு விடை கூறலாம். அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் நீராட்டில் அந்த முதுகும் வெளிப்படுகிறது என்றால் மரபும் பயனும் ஒத்துப்போகின்றன.

இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. உடலைக் காட்டும் அதே நீராட்டும் துடைப்பும்தான் அதைத் தேய்க்கவும் செய்கின்றன. வழிபாட்டில் இடையறாது நின்ற திருமேனிகளில் மூக்கும் உதடும் மழுங்குகின்றன; தேய்ந்த கண்ணை மீண்டும் செதுக்குவதும் உண்டு. இடபவாகனரோ மண்ணிலிருந்து மீண்டவர். சோழர் பாணியின் இலக்கணமாக நாம் காட்டும் கூர்மையான உருவங்களில் பல, பூசை நின்று நெடுங்காலம் புதையுண்டு கிடந்தவை. அவற்றை அளவுகோலாக வைத்து, பூசையில் தேய்ந்த திருமேனியைப் பிற்காலத்தது என்றோ தரம் குறைந்தது என்றோ ஒதுக்குவது பிழையான முறை.

ஆகவே இனி வரும் அட்டவணைகளில் உயரம், காலம், முத்திரை ஆகியவற்றோடு தேய்மானத்தின் இடமும் அளவும், மறுசெதுக்கல் தடயமும், உலாவுக்காகப் பீடத்தில் தண்டு கோக்கும் வளையங்களின் நிலையும் பதிவாக வேண்டும்.