காயிலின் ஓம் எவ்வளவு? கருவியின் வோல்ட் எவ்வளவு? வேப் புகைப்போர் தெரிந்திருக்க வேண்டிய கணக்கு

"அண்ணே, புகை கம்மியா வருது."

"வோல்டேஜைக் கொஞ்சம் ஏத்திப் பாரு தம்பி."

பூச்சோங் ஜெயாவிலும் பண்டார் புத்ரியிலும் மாலை நேரத்தில் கடை வரிசைப் பக்கம் போனால் இப்படிப்பட்ட பேச்சு காதில் விழும். புகை குறைந்தால் வோல்டை ஏற்றுவது, கருகல் வாடை வந்தால் வேறு சுவைத் திரவத்துக்கு மாறுவது என்பதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். காயிலின் மேல் அச்சிடப்பட்டிருக்கும் சிறிய எண்ணைப் பார்ப்பவர்கள் குறைவு. ஆனால், கருவியை எந்த அளவில் வைக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது அந்த எண்தான். அதைக் கவனிக்காவிட்டால் பாதிப்பு நுரையீரலுக்கு, சில வேளைகளில் பேட்டரி வெடித்து உடலுக்கும் கூட.

புகைப்பழக்கம் இல்லாதவர்கள் வேப் பக்கம் போகவே வேண்டாம். ஏற்கெனவே பயன்படுத்தும் பெரியவர்களும், பிள்ளையின் பையில் இக்கருவியைக் கண்டு திகைத்த பெற்றோரும் அது எப்படி இயங்குகிறது என்பதை அறிந்திருப்பது நல்லது.

நான்கு சொற்கள்

தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைத் தண்ணீர்த் தொட்டியை வைத்துச் சொல்லலாம். தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு வேகமாகத் தண்ணீர் தள்ளப்படும். அந்தத் தள்ளுவிசை போன்றது வோல்ட். குழாய் குறுகலாக இருந்தால் தண்ணீர் தடைபடும். அந்தத் தடைதான் ஓம். குழாய் வழியே ஓடும் தண்ணீரின் அளவு ஆம்பியர். காயிலில் உண்டாகும் வெப்பத்தின் அளவு வாட்.

காயில் என்பது மெல்லிய கம்பிச்சுருள். அதைச் சுற்றிப் பஞ்சு இருக்கும். திரவத்தைப் பஞ்சு உறிஞ்சிக் கொடுக்க, சூடான கம்பி அதை ஆவியாக்குகிறது. ஓம் குறைவான காயிலில் மின்சாரம் அதிகமாகப் பாய்ந்து வெப்பம் கூடும். ஓம் அதிகமான காயிலில் அதே வோல்டுக்கு வெப்பம் குறையும்.

கணக்கிடும் முறை எளிது. வோல்டை அதே வோல்டால் பெருக்கி, ஓமால் வகுத்தால் வாட் கிடைக்கும். கைப்பேசியில் உள்ள கால்குலேட்டரே போதும்.

ஒரே வோல்ட், வெவ்வேறு வெப்பம்

அடியில் திருகும் வளையம் கொண்ட பேனா வடிவக் கருவிகள் பொதுவாக 3.2 முதல் 4.8 வோல்ட் வரை கொடுக்கும். அவற்றில் பொருத்தப்படும் காயில்களின் கணக்கைப் பாருங்கள்:

1.5 ஓம் காயில்: 3.7 வோல்டில் 9.1 வாட், 4.8 வோல்டில் 15.4 வாட்.
1.8 ஓம் காயில்: 3.7 வோல்டில் 7.6 வாட், 4.8 வோல்டில் 12.8 வாட்.
2.4 ஓம் காயில்: 3.7 வோல்டில் 5.7 வாட், 4.8 வோல்டில் 9.6 வாட்.

2.4 ஓம் காயிலுக்கு 4.8 வோல்ட் தாங்கும். அதே வளையத்தைத் திருப்பாமல் 1.5 ஓம் காயிலை மாட்டினால் வெப்பம் ஒன்றரை மடங்குக்கு மேல் கூடிவிடும். நண்பரின் கருவியில் உள்ள அளவைப் பார்த்து நம் கருவியிலும் அப்படியே வைப்பது தவறு என்பதற்கு இதுவே காரணம்.

இப்போது வரும் காயில்கள் பலவற்றில் ஓமுடன் வாட் வரம்பும் அச்சிடப்பட்டிருக்கும். 0.8 ஓம், 12 முதல் 16 வாட் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் கண்டால் வோல்ட் கிடைக்கும். 12 வாட்டுக்கு 3.1 வோல்ட், 16 வாட்டுக்கு 3.6 வோல்ட். இந்தக் காயிலுக்கு 4.2 வோல்ட் கொடுத்தால் 22 வாட் ஆகிவிடும். பஞ்சு கருகுவது உறுதி.

சில பேனாக்களில் எண் இருக்காது. பொத்தானில் நிற விளக்கு மட்டும் எரியும். எந்த நிறம் எத்தனை வோல்ட் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பெட்டியில் உள்ள குறிப்பைப் படித்த பிறகே பயன்படுத்த வேண்டும்.

கருகல் வாடை சொல்லும் எச்சரிக்கை

கம்பி ஆவியாக்கும் வேகத்துக்குப் பஞ்சால் திரவத்தைக் கொடுக்க முடியாதபோது பஞ்சு காய்கிறது. அப்போது வெப்பம் எல்லை மீறி, திரவத்திலுள்ள புரொப்பிலின் கிளைக்காலும் கிளிசரினும் சிதைந்து ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் போன்ற நச்சுகளாக மாறுகின்றன. ஃபார்மால்டிஹைடு புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. அக்ரோலின் மூச்சுக்குழாயை அரிக்கும்.

அமெரிக்காவின் போர்ட்லண்ட் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015 ஜனவரியில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரு சோதனை முடிவை வெளியிட்டனர். ஒரே கருவியை 3.3 வோல்டில் இயக்கியபோது ஃபார்மால்டிஹைடை வெளிவிடும் சேர்மங்கள் தென்படவில்லை. 5 வோல்டில் அவை கணிசமாக இருந்தன. அதே ஆண்டு கிரேக்க மருத்துவர் கான்ஸ்டான்டினோஸ் ஃபர்சலினோஸ் குழுவினர் இதற்கு மறுப்புத் தெரிவித்தனர். அத்தகைய வெப்பத்தில் கருகல் சுவை தாங்க முடியாததாக இருக்கும், யாரும் தொடர்ந்து இழுக்கமாட்டார்கள் என்பது அவர்கள் வாதம்.

இரு தரப்பையும் சேர்த்துப் பார்த்தால் நமக்கு ஒரு பாடம் கிடைக்கிறது. காயிலுக்கு மிஞ்சிய வெப்பம் நச்சை உண்டாக்குகிறது. கருகல் வாடை அதைக் காட்டிக் கொடுக்கிறது. "பரவாயில்லை, இன்னும் ரெண்டு இழுப்பு" என்று அந்த வாடையோடு இழுப்பதுதான் ஆபத்து. வாடை வந்தால் உடனே நிறுத்தி, வோல்டைக் குறைக்க வேண்டும். பஞ்சு ஏற்கெனவே கருகியிருந்தால் வோல்டைக் குறைத்தும் பயனில்லை. காயிலை மாற்ற வேண்டும்.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. வாட் கூடக் கூட ஒவ்வோர் இழுப்பிலும் உடலுக்குள் போகும் நிக்கோட்டினும் கூடும். சிறிய கருவிக்கான அடர்த்தியான நிக்கோட்டின் திரவத்தை ஓம் குறைந்த பெரிய கருவியில் ஊற்றினால் தலைச்சுற்றல், வாந்தி, நெஞ்சுப் படபடப்பு வரலாம்.

பேட்டரிக்கும் எல்லை உண்டு

வேப் கருவிகளில் பரவலாகப் பயன்படும் 18650 வகை லித்தியம் பேட்டரி முழுதாக மின்னேற்றியதும் 4.2 வோல்ட் காட்டும். வோல்டை ஓமால் வகுத்தால் ஆம்பியர் வரும். 0.5 ஓம் காயிலுக்கு 8.4 ஆம்பியர். 0.2 ஓம் காயிலுக்கு 21 ஆம்பியர். இவ்வகை பேட்டரிகள் பலவற்றின் தொடர் வரம்பு 20 ஆம்பியரோ அதற்கும் குறைவோதான்.

மின்சுற்றுப் பாதுகாப்புள்ள கருவி, ஓம் மிகக் குறைந்தால் தானே நின்றுவிடும். 'மெக்கானிக்கல் மோட்' எனப்படும் குழாய் வடிவக் கருவியில் அந்தப் பாதுகாப்பு இல்லை. சொந்தமாகக் காயில் சுற்றுவோர் ஒரு சுற்றைக் குறைத்துவிட்டாலும், கம்பி உலோகத்தைத் தொட்டுவிட்டாலும் பேட்டரி கொதித்து வெடிக்கலாம். 2018 மே மாதம் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஓர் ஆடவர் வேப் கருவி வெடித்து உயிரிழந்தார். அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகத்தின் 2017 அறிக்கை, 2009 முதல் 2016 இறுதி வரை அந்நாட்டில் நடந்த 195 தீ, வெடிப்புச் சம்பவங்களைப் பதிவு செய்தது. அவற்றில் 133 பேர் காயமடைந்தனர். 61 சம்பவங்களில் கருவியோ உதிரி பேட்டரியோ சட்டைப் பையில் அல்லது கால்சட்டைப் பையில் இருந்தது.

எனவே, உதிரி பேட்டரியைச் சில்லறைக் காசுடனோ சாவியுடனோ வைக்காதீர்கள். மேலுறை கிழிந்த பேட்டரியைப் பயன்படுத்தாதீர்கள். வெயிலில் நிறுத்திய காரில் கருவியை விட்டுச் செல்லாதீர்கள். தலையணை அருகே மின்னேற்றி வைத்துத் தூங்காதீர்கள்.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. காயிலை மாற்றும்போதெல்லாம் அதன் ஓமைப் படியுங்கள். கருவியை மிகக் குறைந்த வோல்டுக்குக் கொண்டுவந்த பிறகே மாட்டுங்கள்.

2. புதிய காயிலின் பஞ்சில் சில சொட்டுத் திரவம் விட்டு, கலத்தை நிரப்பி, ஐந்து முதல் பத்து நிமிடம் காத்திருங்கள். கெட்டியான திரவத்துக்கு இன்னும் சற்று நேரம் தேவை.

3. வோல்டை 0.1 அல்லது 0.2 என்ற அளவில் மட்டும் ஏற்றுங்கள். அச்சிட்ட வாட் வரம்பின் மேல் எல்லையைத் தாண்டாதீர்கள்.

4. புகை குறைந்தால் முதலில் திரவத்தின் அளவையும் காயில் கறுத்துவிட்டதா என்பதையும் பாருங்கள். பழைய காயிலுக்கு வோல்டை ஏற்றுவது தீர்வாகாது.

5. நிக்கல், டைட்டானியம் கம்பிக் காயில்கள் வெப்பக் கட்டுப்பாட்டு முறைக்கு மட்டுமே உரியவை. வோல்ட் மாற்றும் கருவியில் அவற்றை மாட்டக்கூடாது.

சட்டம் சொல்வது

2023 மார்ச் 31-ஆம் தேதி, 1952 நச்சுப்பொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டுப் பட்டியலிலிருந்து திரவ நிக்கோட்டின் நீக்கப்பட்டது. 2024 அக்டோபர் 1 முதல் நடப்பில் உள்ள பொதுச் சுகாதாரத்திற்கான புகைபொருள் கட்டுப்பாட்டுச் சட்டம், அதாவது சட்டம் 852, வேப்பையும் உள்ளடக்கியது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்கு விற்பது குற்றம். உணவகம் போன்ற தடை செய்யப்பட்ட இடங்களில் வேப் புகைத்தால் 5,000 ரிங்கிட் வரை அபராதம் விதிக்கப்படலாம்.

ஓமையும் வோல்டையும் சரியாகப் பொருத்துவது கருகலையும் வெடிப்பு ஆபத்தையும் குறைக்கும். நிக்கோட்டின் அடிமைத்தனத்தை அது குறைக்காது. அதிலிருந்து விடுபட விரும்புவோருக்கு அரசாங்கச் சுகாதார கிளினிக்குகளில் புகைப்பழக்கத்தை நிறுத்தும் ஆலோசனையும் சிகிச்சையும் கிடைக்கின்றன. பிள்ளையின் பையில் கருவியைக் கண்ட பெற்றோர், அடிதடியில் இறங்காமல் முதலில் பேட்டரியைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, பிள்ளையோடு உட்கார்ந்து பேசுங்கள். பிறகு இருவருமாகக் கிளினிக்குக்குப் போய் வாருங்கள்.